பெருக்கல் குறிக்கு முன்னால்

சிக்கலான பொறியியல் அமைப்புகளின் இடரை நிகழ்தகவு முறையில் மதிப்பிடுவது என் தொழில். வேதி ஆலை, எரிவாயுக் கிடங்கு, அணை என்று இடம் மாறினாலும் வேலை ஒன்றுதான்: எது பழுதாகலாம், அதற்கு எவ்வளவு வாய்ப்பு, பழுதானால் விளைவு என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் எண்களில் பதில் தேடுவது. ஸ்டான்லி கப்லானும் ஜான் காரிக்கும் 1981-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த மூன்று கேள்விகளுக்கான பதில்களின் தொகுப்பையே இடர் என்று வரையறுத்தார்கள். இன்றுவரை துறையில் எவரும் முதலில் கற்பது அதைத்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எண்களைத் தேடிப் பிடித்துப் பெருக்கும் வேலையாகத் தோன்றும். பெருக்குவதைக் கணினி செய்துவிடும். எந்த இரண்டு எண்களைப் பெருக்கக் கூடாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் அன்றாடம் கையாளும் கருவி பிழை மரம். அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணை ஏவுதல் கட்டுப்பாட்டு அமைப்பை ஆராய்வதற்காக பெல் ஆய்வகத்தில் 1962-இல் உருவான முறை அது. மரத்தின் உச்சியில் நடக்கக் கூடாத நிகழ்வை எழுதி, அது நடப்பதற்கு எவையெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று கிளை கிளையாகக் கீழே இறங்கி, கடைசியில் ஒரு வால்வு, ஒரு ரிலே, ஒரு மனிதக் கை என்ற அளவில் நிறுத்துவோம். பல வழிகளில் ஏதேனும் ஒன்று போதும் என்றால் அந்த இடத்தில் ‘ஆர் கேட்’ வரும், ஏறக்குறைய கூட்டல். எல்லாம் சேர்ந்தே நடக்க வேண்டும் என்றால் ‘ஆண்ட் கேட்’ வரும், அங்கே பெருக்கல். பாதுகாப்பு அமைப்புகளின் வலிமை எல்லாம் இந்த ஆண்ட் கேட்டில்தான் இருக்கிறது. 100-இல் 1 முறை இயங்க மறுக்கும் சாதாரண பம்புகள் இரண்டை அருகருகே வைத்துவிட்டு 10,000-இல் 1 என்று எழுதிக்கொள்ள முடிகிறது; மூன்றாவதையும் வைத்தால் 10 லட்சத்தில் 1. வரைபடத்தில் ஒரு சிறு வட்டம் சேர்த்ததற்கு இவ்வளவு பெரிய பலன் வேறெந்தத் தொழிலிலும் கிடைக்காது.

இந்தப் பலன் கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பம்ப் இயங்கவில்லை என்ற செய்தி மற்றப் பம்பைப் பற்றி நமக்கு எதையும் சொல்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிடும் இந்த நிபந்தனை, நான் பார்த்த ஆலைகளில் முழுமையாக நிறைவேறியதே இல்லை. ஒரு வேதி ஆலையில் உலைக்கலனைக் குளிர்விக்கும் இரண்டு பம்புகளையும் சாராதவையாகக் கொண்டு, வடிவமைப்புக் காலத்தில் ஒரு மதிப்பீடு செய்திருந்தார்கள். இரண்டும் வேறு வேறு அறைகளில் இருந்தன. வேறு வேறு மின்வழிகளிலிருந்து மின்சாரம் வந்தது. காகிதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பராமரிப்புப் பிரிவின் மூத்த பணியாளர் ஒருவருடன் பம்ப் அறைக்குப் போய் நின்றபோது, நான் கேட்காமலேயே அவர் சொன்னார்: “ரெண்டுக்கும் ஒரே டப்பா கிரீஸ்தான் சார் போடுறோம். ஆளும் ஒரே ஆளுதான், ஒரே நாள்ல முடிச்சிடுவாரு.” தவறான கிரீஸ் டப்பா ஒன்று கிடங்கிலிருந்து வந்துவிட்டால் சுவர்களும் தனித்தனி மின்வழிகளும் எதையும் காப்பாற்றப்போவதில்லை. அந்தப் பணியாளர் நிகழ்தகவு படித்தவர் அல்லர். ஆனால் அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் மரத்தின் ஒரு கிளையை முழுவதுமாக மாற்றி எழுத வைத்தது.

இப்படி ஒரே காரணம் பல கருவிகளையும் ஒருங்கே வீழ்த்துவதைப் பொதுக் காரணத் தோல்வி என்கிறோம். அதைக் கணக்கில் சேர்க்க எளிய வழி பீட்டா காரணி: ஒரு கருவியின் தோல்விகளில் எத்தனை பங்கு மற்றதையும் சேர்த்து இழுத்துச் செல்லும் என்ற விகிதம். 100-இல் 1 முறை தோற்கும் பம்புக்கு இந்தப் பங்கு 5 விழுக்காடு என்று கொண்டால், இரண்டும் ஒன்றாகத் தோற்பதற்கு அந்தக் காரணத்தால் மட்டுமே 2,000-இல் 1 வாய்ப்பு உண்டு; பெருக்கிக் கிடைத்த 10,000-இல் 1 என்பதைப்போல் அது ஐந்து மடங்கு. அதே வகைப் பம்ப் மூன்றாவதாக வந்தாலும் இந்தக் கணக்கில் எண் 2,000-இல் 1 என்ற இடத்திலேயே நிற்கும். பெருக்கல் சொன்ன 10 லட்சத்தில் 1 எங்கே, இது எங்கே! மூன்றாவது பம்ப் வாங்கும் பணத்தில், வேறொரு முறையில் இயங்கும் குளிர்விப்பு ஏற்பாட்டை, அது திறன் குறைந்ததாக இருந்தாலும், வாங்குவதே மேல் என்று இந்தச் சிறு கணக்கைக் காட்டி நான் வாதிட்டிருக்கிறேன். சில இடங்களில் ஏற்றார்கள். ஏற்காத இடங்களில் அதே நிறுவனத்தின் அதே மாதிரிப் பம்ப் மூன்றாவதாக வந்து நின்றது; உதிரிப் பாகங்களை ஒரே இடத்தில் சேமிக்கலாம் என்பது காரணம். அதுவும் பொய்யான காரணம் அல்ல.

அணுமின் துறையின் வரலாறு இதற்கான பாடங்களை நிறையவே வைத்திருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுவுலையில் முதன்மை நீரூட்டம் நின்றபோது அவசரகாலப் பம்புகள் சரியாகவே இயங்கத் தொடங்கின. ஆனால் அவற்றிலிருந்து நீராவி உற்பத்திக் கலன்களுக்குச் செல்லும் வழியிலிருந்த இரண்டு வால்வுகளும் மூடியிருந்தன. இயக்குநர்கள் அதைக் கவனிப்பதற்குள் சுமார் எட்டு நிமிடங்கள் ஓடிவிட்டன. வால்வுகள் உடைந்திருக்கவில்லை. விபத்துக்கு முன் நடந்த பராமரிப்புப் பணியிலிருந்து இரண்டும் மூடியபடியே விடப்பட்டிருந்தன. ஒரு வால்வு மூடியே விடப்படுவதற்கான வாய்ப்பை அதே வாய்ப்பால் பெருக்கியவர் எவரும் இந்த நிலையை எதிர்பார்த்திருக்க மாட்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1975 மார்ச் 22 அன்று, அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் கேபிள்கள் சுவரைக் கடக்கும் இடத்தில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று மெழுகுவத்திச் சுடரைக் காட்டிப் பார்த்தபோது அடைப்பு நுரை தீப்பிடித்தது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமடைந்தன. ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்க வேண்டிய அமைப்புகளின் கேபிள்களும் அவற்றில் அடக்கம். அந்த விபத்தைப் படித்த பிறகு நான் எந்த ஆலைக்குப் போனாலும் கருவிகளைப் பார்ப்பதற்கு முன் கேபிள் தட்டுகளைத்தான் அண்ணாந்து பார்க்கிறேன்.

மனிதர்கள் விஷயத்தில் பெருக்கல் இன்னும் எளிதாக ஏமாற்றுகிறது. ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்ப்பார் என்று நடைமுறைக் கையேட்டில் எழுதிவிட்டால், தவறு 1,000-இல் 1 என்பதிலிருந்து 10 லட்சத்தில் 1 ஆகிவிட்டது என்று நம்பும் ஆலோசகர்களை இப்போதும் சந்திக்கிறேன். ஆலன் ஸ்வெய்னும் ஹென்றி கட்மனும் 1983-இல் அணுமின் நிலையங்களுக்காக வெளியிட்ட மனித நம்பகத்தன்மைக் கையேடு, இரண்டு செயல்களுக்கு இடையிலான சார்பை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. சார்பு மிகுதி என்ற நிலையில், முதலாமவர் தவறினால் இரண்டாமவரும் தவறுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதி. இரவுப் பணியில் ஒரே மேசையில் உட்கார்ந்து, பல ஆண்டுகள் பழகிய நண்பர் நிரப்பிய படிவத்தில் கையெழுத்திடுபவரைக் கவனித்தவர்களுக்கு இந்தப் பாதி என்ற எண் மிகையாகத் தோன்றாது. இரண்டாவது கையெழுத்து வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அதற்கு ஆயிரம் மடங்கு பலன் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெருக்கப்படும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் என் நேரத்தில் பெரும் பகுதியை எடுத்துக்கொள்கிறது. பொதுத் தரவுத் தொகுப்புகளில் எண்கள் கிடைக்கும். ஆனால் நம் முன்னால் இருக்கும் இந்த வால்வு அந்தத் தொகுப்பில் உள்ள வால்வுகளைப் போன்றதுதானா என்ற கேள்விக்குப் பராமரிப்புப் பதிவேடுதான் பதில் சொல்ல வேண்டும். பதிவேட்டிலோ “வால்வு பார்க்கப்பட்டது, சரி செய்யப்பட்டது” என்று இருக்கும். திறக்க மறுத்ததா, மூட மறுத்ததா, கசிந்ததா, பெயர்ப்பலகை மட்டும் கழன்றதா என்று அதிலிருந்து தெரியாது. திறக்க மறுப்பது ஒரு மரத்துக்குப் பேரிடர். அதே வால்வு மூட மறுப்பது இன்னொரு மரத்துக்கு. எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தால் அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடுவோம்.

தோல்வியே பதிவாகாத கருவிகள் வேறு வகைத் தொல்லை. மாதம் ஒருமுறை என ஐந்து ஆண்டுகள் சோதித்து 60 முறையும் சரியாக இயங்கிய வால்வைப் பற்றி ஆலை மேலாளர் பெருமையுடன் பேசுவார். அந்த 60 வெற்றிகளிலிருந்து புள்ளியியல் 95 விழுக்காட்டு உறுதியுடன் சொல்லக் கூடியது, தோல்வி வாய்ப்பு 20-இல் 1-க்கு மேல் இருக்காது என்பது மட்டுமே. மூன்றைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த வரம்பு கிடைத்துவிடும். அதைவிட நல்ல எண் வேண்டுமென்றால் பிற ஆலைகளின் அனுபவத்தை முன்னறிவாகக் கொண்டு, முன்னறிவைப் புதிய சான்றால் திருத்தும் பேயஸ் முறையில் இந்த 60-ஐச் சேர்க்க வேண்டும். கணக்கு அங்கே கடினமில்லை. ஆனால் அந்த 60 சோதனைகளும் உண்மையில் சோதனைகள்தானா? ஓர் ஆலையில், சோதனை நாளன்று காலையில் வால்வின் தண்டை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்துவிட்டுப் பிறகே அதிகாரப்பூர்வச் சோதனையைத் தொடங்குவது வழக்கமாக இருந்தது. யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. சோதனை தோற்றால் படிவங்கள் நிறைய நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். இறுகிக் கிடந்த வால்வை விடுவித்துவிட்டு அது இறுகவில்லை என்று பதிவு செய்துகொண்டிருந்தார்கள். விபத்து வரும் நாளில் முன்கூட்டி அசைத்துப் பார்க்க யாரும் இருக்கப்போவதில்லை. அந்தப் பதிவுகளை நாங்கள் ஒதுக்கிவைத்தோம். மதிப்பீடு பொதுத் தரவுக்குத் திரும்பியது.

புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சூழல் தாக்கும் அமைப்புகளை மதிப்பிட வந்த பிறகுதான் இந்தச் சார்பின் முழு அளவும் எனக்குப் புரிந்தது. ஆலைக்குள் இரண்டு பம்புகளை இணைக்கும் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். புயலும் வெள்ளமும் வரும் இடங்களில் அந்தக் காரணம் விபத்தின் தொடக்க நிகழ்வாகவே கண்முன்னால் நிற்கும். ஆனாலும் மதிப்பீடுகள் அதைப் பார்க்காமல் கடந்துவிடுகின்றன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழையின்போது டெக்சாஸின் கிராஸ்பியில் உள்ள ஆர்கெமா ஆலையில் நடந்ததை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் விவரிக்கிறேன். குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய கரிமப் பெராக்சைடுகள் அங்கே இருந்தன. பொது மின்சாரம், மாற்று ஜெனரேட்டர்கள், திரவ நைட்ரஜன் குளிர்விப்பு, கடைசியாகக் குளிரூட்டப்பட்ட டிரெய்லர்கள் என்று பாதுகாப்பு அடுக்குகளுக்குக் குறைவில்லை. வெள்ளநீர் ஏறியபோது அடுக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பெராக்சைடுகள் சூடேறிச் சிதைந்து எரிந்தன. சுற்றிலும் சுமார் இரண்டரை கிலோமீட்டர் தொலைவுக்கு மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். தனித்தனி அடுக்குகளாக எண்ணிப் பெருக்கியிருந்தால் ஏறக்குறைய நடக்கவே நடக்காது என்று விடை வந்திருக்கும். தண்ணீருக்கோ அவை அனைத்தும் ஒரே அடுக்கு.

2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா தாய்ச்சி அணுமின் நிலையத்தில் சுனாமி வந்தபோதும் இதுவே நேர்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு சிறு விவரம் பலருக்குத் தெரியாது. அங்கே நீரில் மூழ்காமல் நல்ல நிலையில் இருந்த டீசல் ஜெனரேட்டர்களும் உண்டு. ஆனால் அவற்றுள் இரண்டாம், நான்காம் உலைகளுக்கு உரியவற்றின் மின்விசைப் பலகைகள் மூழ்கிவிட்டதால் ஜெனரேட்டர் இருந்தும் பயனில்லை. ஆறாம் உலையின் ஒரு ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து மின்சாரம் தந்தது; அது காற்றால் குளிர்விக்கப்படுவது, அதன் பலகையும் தப்பியிருந்தது. கருவியை உயரத்தில் வைத்துவிட்டோம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அதன் பலகை எங்கே, கேபிள் எந்த வழியாக இறங்குகிறது, எண்ணெய்த் தொட்டி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு அதனால் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அணையின் உபரி நீர்ப்போக்கி ஷட்டர்களை மதிப்பிடும் பணி வந்தது. வெள்ளத்தின்போது ஷட்டர்கள் திறக்காமல் போக நான்கு காரணங்கள் எழுதப்பட்டிருந்தன: மின்தடை, மாற்று ஜெனரேட்டர் இயங்காமை, இயக்குநர் அணைக்கு வந்து சேர முடியாமை, ஷட்டர் இறுகிப்போதல். முதல் மூன்றும் ஒரு ஆண்ட் கேட்டின் கீழ் இருந்தன. மின்சாரமும் ஜெனரேட்டரும் போனாலும் இயக்குநர் வந்து கையால் சுற்றித் திறந்துவிடுவார் என்பது அதன் பொருள். மின்தடைக்கு அவர்கள் போட்டிருந்த எண் ஆண்டு முழுவதற்குமான சராசரி. நமக்கு வேண்டியதோ, ஷட்டர்களைத் திறந்தே ஆக வேண்டிய அளவுக்கு மழை கொட்டும் அந்த இரவில் மின்சாரம் இல்லாமல் போகும் வாய்ப்பு. சராசரி நாளில் 1,000-இல் 1 ஆக இருப்பது அந்த இரவில் மூன்றில் ஒன்றாக இருந்தாலும் வியப்பதற்கில்லை. மின்கம்பத்தைச் சாய்க்கும் காற்றே சாலையில் மரத்தையும் சாய்க்கும். அணைக்குப் போகும் ஒரே சாலை ஓடையைக் கடக்கும் தரைப்பாலம் அந்த வெள்ளத்திலேயே மூழ்கும். அங்கு பணியாற்றியவர்களிடம், பெருமழை நாள்களில் நீங்கள் அணைக்கு எப்படி வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். மழைக்கு முந்தைய நாளே வந்து தங்கிவிடுவோம் என்றார்கள் மூத்தவர்கள். அவர்கள் பணியிலிருந்து போன பிறகு அந்த வழக்கத்தை எந்தக் கையேடும் தாங்கிப்பிடிக்கவில்லை என்பது இளையவர்களின் பதில்களிலிருந்து தெரிந்தது. நூறாண்டு வெள்ளம் என்று நாம் சொல்வது, அதாவது எந்த ஓர் ஆண்டிலும் நூறில் ஒரு வாய்ப்பு உடைய வெள்ளம், ஓர் அணைக்கு 30 ஆண்டுப் பணிக்காலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு உடையது. அரிது என்று ஒதுக்க முடியாத அந்த இரவுக்கான மரத்தைத் தனியாக வரைந்து, எல்லா நிகழ்தகவுகளையும் அந்த இரவின் நிபந்தனைக்கு உட்பட்டு மீண்டும் எழுதினோம். விடை பழைய மதிப்பீட்டைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரிதாக வந்தது.

அந்த எண்ணை மேலே கொண்டுசெல்வது வேறு வேலை. 1975-இல் நார்மன் ராஸ்முசென் தலைமையில் வெளிவந்த அமெரிக்க அணுவுலைப் பாதுகாப்பு ஆய்வுதான் இந்தத் துறையின் முதல் பெரிய மதிப்பீடு. அது உலை மையம் உருகும் வாய்ப்பை உலை ஒன்றுக்கு ஆண்டுக்கு 20,000-இல் 1 என்றது. ஹெரால்டு லூயிஸ் தலைமையிலான மறுஆய்வுக் குழு 1978-இல் முறையைப் பாராட்டியது. ஆனால் நிச்சயமின்மையின் அகலம் மிகக் குறைவாகச் சொல்லப்பட்டுள்ளது என்றும் கூறியது. 1979 ஜனவரியில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஆய்வின் சுருக்க அறிக்கைக்குத் தந்திருந்த ஆதரவைத் திரும்பப் பெற்றது. பல தொகுதிகள் கொண்ட ஆய்வில் சர்ச்சைக்கு முதலில் உள்ளானது எல்லாரும் படித்த அந்தச் சுருக்கம்தான் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எங்கள் அறிக்கைகளிலும் அகலம் சுருக்கத்தை எட்டுவதற்குள் தொலைந்துவிடுகிறது. இடைநிலை மதிப்புக்கு (பாதி வாய்ப்பு அதற்கு மேலும் பாதி கீழும் இருக்கும் மதிப்பு) மேலும் கீழும் முப்பது மடங்கு விரியும் பரவல் ஒன்று இருந்தால் அதன் சராசரி, இடைநிலை மதிப்பைப்போல் எட்டு மடங்குக்கும் மேல் வரும். எண்களின் மடக்கை எடுத்தால் மணி வடிவம் பெறும் வழக்கமான லாக்நார்மல் பரவலுக்கு இது நேரடிக் கணக்கு. எந்த ஒற்றை எண்ணைச் சுருக்கத்தில் போடுகிறோம் என்பதே முடிவை மாற்றக் கூடிய நிலையில், ஒரே எண் போதும் என்று கேட்கும் நிர்வாகத்திடம் நான் மூன்று எண்களும் ஒரு பட்டியலும் தருகிறேன். எந்தக் காரணம் மொத்த இடரில் எத்தனை பங்கு என்ற அந்தப் பட்டியல் எண்களைவிட உறுதியானது. எண் பத்து மடங்கு ஏறி இறங்கினாலும் பட்டியலின் முதல் சில வரிகள் பெரும்பாலும் இடம் மாறுவதில்லை.

அணையிலும் பட்டியல்தான் வேலை செய்தது. நூறு மடங்கு என்பதைக் கேட்டு ஒரு கூட்டம் முழுவதும் எண்ணைப் பற்றியே பேசினார்கள்; பட்டியலைக் காட்டிய கூட்டத்தில் ஜெனரேட்டரைக் கரையின் மேல்மட்டத்துக்கு மாற்றவும், மழை எச்சரிக்கை வந்ததும் இருவர் அணையிலேயே தங்க வேண்டும் என்பதைக் கையேட்டில் விதியாக எழுதவும் முடிவு செய்தார்கள். இரண்டும் நடந்து முடிந்த பிறகு மதிப்பீட்டைப் புதுப்பித்தோம். அதுவரை நான்காவது வரியில் கிடந்த ஒரு காரணம், வெள்ளம் அடித்துக்கொண்டுவரும் மரங்கள் ஷட்டர்களின் வாயில் சிக்கி அடைத்துக்கொள்வது, முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதற்கு நாங்கள் போட்டிருக்கும் எண் நிபுணர்கள் சிலரின் கணிப்பு மட்டுமே. எந்த மழையில் எவ்வளவு மரம் வந்தது என்று அந்த அணையில் யாரும் எழுதிவைத்ததில்லை. இந்தப் பருவத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஷட்டர்களுக்கு முன்னால் சேர்ந்ததை அப்புறப்படுத்துவதற்கு முன் அளந்து, நீளமும் தடிமனும் எழுதிப் படம் எடுத்துவைக்கும்படி கேட்டிருக்கிறேன். ஒரு படிவமும் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன்.